மகளை வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்பத் தயங்கும் ஓர் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகளுக்கு வெளியூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் இடம் கிடைத்திருக்கிறது, ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும், வீட்டுக்காரர் யோசிக்கிறார், மாமியார் "வயசுப்பிள்ளை ராப்பகலா படிச்சா உடம்பு என்னத்துக்கு ஆகும்" என்கிறார். அதனால் உள்ளூரிலேயே ஏதாவது ஒரு கோர்ஸில் சேர்த்துவிடலாமா, அந்தக் கல்லூரியில் பிளேஸ்மென்ட் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். பிளேஸ்மென்ட்டுக்குக் கடைசியில் வருகிறேன், முதலில் உங்கள் மாமியார் சொன்னதை எடுத்துக்கொள்வோம்.

அவர் சொன்னதையே 1873இல் எட்வர்ட் கிளார்க் என்ற அமெரிக்க மருத்துவர் புத்தகமாக எழுதினார். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், சாதாரண ஆள் இல்லை. பெண் பிள்ளைகள் ஆண்களைப் போலவே கடுமையாகப் படித்தால் உடம்பின் சக்தி எல்லாம் மூளைக்குப் போய்விடும், கர்ப்பப்பை வளராது, பிறகு பிள்ளைப்பேறு கஷ்டம் என்பது அவர் வாதம். அந்தப் புத்தகம் பதிப்பு மேல் பதிப்பாக விற்றது. மகள்களை அப்போதுதான் முதல்முதலாகக் கல்லூரிக்கு அனுப்ப ஆரம்பித்திருந்த அப்பா அம்மாக்கள் எவ்வளவு பயந்திருப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படித்து முடித்த பெண்கள் இதற்குப் பேச்சில் பதில் சொன்னதோடு நிற்கவில்லை, கணக்கெடுத்தார்கள். 1882இல் பட்டதாரிப் பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள், கேள்வித்தாள் அனுப்பினார்கள், 705 பேர் பதில் எழுதினார்கள். படிப்பால் உடல்நலம் கெடவில்லை என்று 1885இல் அறிக்கை வந்தது. மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள், ஆனால் மரியாதையாக. அவருடைய பயம் அன்பில் வருவது.

சரி, அந்தப் பெண்களின் ஒரு நாள் எப்படி இருந்தது என்பதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு கல்லூரி பிள்ளையை என்னவாக ஆக்கும் என்பது அந்த ஒரு நாளில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

அமெரிக்காவில் பாஸ்டனுக்குப் பக்கத்தில் வெல்லெஸ்லி என்ற பெண்கள் கல்லூரி 1875இல் திறந்தது. முதல் வருஷம் 314 பெண்கள். ஏரிக்கரையில் ஒரே பெரிய கட்டடம், வகுப்பும் அங்கேதான், தூக்கமும் அங்கேதான். மணி அடித்தால் எழ வேண்டும், மணி அடித்தால் சாப்பாடு. காலையில் 20 நிமிஷமும் மாலையில் 20 நிமிஷமும் யாரும் பேசக்கூடாத மௌன நேரம். அப்புறம் ஒவ்வொரு மாணவியும் தினம் சுமார் ஒரு மணி நேரம் வீட்டு வேலை செய்ய வேண்டும், பெருக்குவது, மேஜை போடுவது, பாத்திரம் கழுவுவது என்று. பணக்கார வீட்டுப் பெண்ணும் ஏழை வீட்டுப் பெண்ணும் ஒரே துடைப்பத்தைப் பிடித்தார்கள், அதனால் கட்டணமும் குறைவாக இருந்தது. 1896 வரை இந்த வழக்கம் இருந்தது. மாலையில் ஏரியில் துடுப்புப் படகு. நியூயார்க் மாநிலத்தில் இருந்த வாசர் கல்லூரியில் இரவு பத்து மணிக்கு விளக்கணைக்க வேண்டும், அப்படியும் அறையில் ரகசியமாகச் சர்க்கரையும் பாலும் சாக்லேட்டும் காய்ச்சி ஃபட்ஜ் கிண்டிச் சாப்பிட்டார்கள் அந்தப் பிள்ளைகள். ஸ்மித் என்ற இன்னொரு பெண்கள் கல்லூரியில் 1892இல் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை பெண்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தார், மறு வருஷம் வகுப்புக்கு வகுப்பு ஆட்டம் வைத்தபோது வேடிக்கை பார்க்க ஆண்களை உள்ளே விடவில்லை. உடம்பு கெடும் என்று ஊரே சொன்ன பிள்ளைகள் ஓடி ஆடிக்கொண்டிருந்தார்கள்!

உங்கள் மகள் இயற்பியல் என்பதால் இன்னொன்று. வெல்லெஸ்லியில் சாரா விட்டிங் என்ற ஆசிரியை 1878இல் ஒரு இயற்பியல் லேப் அமைத்தார். அமெரிக்காவில் இளநிலை மாணவர்கள் தங்கள் கையாலேயே சோதனை செய்து பார்க்கிற லேப் அதற்கு முன் எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பக் கல்லூரியில்தான் இருந்தது. அந்த லேபில் படித்த ஒரு பெண் ஆனி ஜம்ப் கேனன். 1884இல் படிப்பு முடிந்தது, வீட்டுக்குப் போனார், ஏறக்குறைய பத்து வருஷம் வீட்டிலேயே இருந்தார். அம்மா இறந்த பிறகு பழைய ஆசிரியையிடமே உதவியாளராகத் திரும்பினார். எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி வந்த கொஞ்ச காலத்திலேயே, 1896இல், இருவரும் சேர்ந்து அந்த லேபிலேயே எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துப் பார்த்தார்கள். அதே வருஷம் கேனன் ஹார்வர்ட் வானாய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார், தன் ஆயுளில் சுமார் 3,50,000 நட்சத்திரங்களை வகைப்படுத்தினார். பத்து வருஷம் கழித்தும் போய்க் கதவைத் தட்ட ஒரு ஆசிரியை இருந்தார் பாருங்கள், எந்தக் கல்லூரியின் பிளேஸ்மென்ட் பட்டியலிலும் இது வராது. அதனால் நீங்கள் கல்லூரியைப் பார்க்கப் போகும்போது லேபில் என்ன கருவி இருக்கிறது என்று கேட்பதோடு நிறுத்தாமல், பிள்ளைகள் கையால் தொட்டுச் செய்கிறார்களா, இரண்டு பேருக்கு ஒரு செட்டா பத்து பேருக்கு ஒரு செட்டா, வகுப்பு முடிந்து சந்தேகம் கேட்டால் ஆசிரியர் நின்று பதில் சொல்வாரா என்று விசாரியுங்கள்.

மகள் தமிழ் மீடியம், அங்கே போய்த் திணறுவாளோ என்று எழுதியிருந்தீர்கள். வெல்லெஸ்லியின் முதல் வருஷப் பிள்ளைகளில் பெரும்பாலோர் கல்லூரிப் பாடத்துக்குத் தயாராகவே இல்லை, அவர்களுக்காகக் கல்லூரிக்குள்ளேயே ஆயத்த வகுப்பு நடத்தினார்கள். அவளும் முதல் செமஸ்டரில் திணறத்தான் செய்வாள், அதற்காக மனதைத் தயார் செய்யுங்கள். அந்த மாதிரி ஆயத்த வகுப்பை இப்போது பிரிட்ஜ் கோர்ஸ் என்கிறார்கள், அது உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் எத்தனை நாள், யார் எடுக்கிறார்கள் என்றும் கேளுங்கள், ஒரு வாரம் வரவேற்பு விழா நடத்திவிட்டு அதைப் பிரிட்ஜ் கோர்ஸ் என்று சொல்லும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

பணம். அவள் தம்பிக்கும் இன்னும் மூன்று வருஷத்தில் செலவு வரும் என்கிறீர்கள். ஆலிஸ் ஃப்ரீமன் என்ற பெண்ணின் அப்பாவும் ஒரு பிள்ளையைத்தான் கல்லூரிக்கு அனுப்ப முடியும், அது பையனாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தார். தம்பியைப் படிக்க வைக்கும் வரை கல்யாணம் செய்துகொள்ள மாட்டேன் என்று அந்தப் பெண் வாக்குக் கொடுத்து மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். நடுவில் வீட்டில் பணக்கஷ்டம், படிப்பை நிறுத்திப் பள்ளியில் வேலை பார்த்தார், திரும்பி வந்து 1876இல் பட்டம் வாங்கினார். ஐந்தே வருஷத்தில், 26 வயதில், வெல்லெஸ்லி கல்லூரியையே நடத்தும் பொறுப்புக்கு வந்தார். அந்த மாதிரி வாக்கை உங்கள் மகளிடம் வாங்காதீர்கள், தயவுசெய்து. இப்போது முதல் பட்டதாரிச் சலுகை, அரசு உதவித்தொகை, கல்விக் கடன் எல்லாம் இருக்கின்றன, எது உங்களுக்குப் பொருந்தும் என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவளை இப்போது நிறுத்தித்தான் தம்பியைப் படிக்க வைக்க வேண்டும் என்பதில்லை.

உடம்பு விஷயத்தில் பயமே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நம் நாட்டிலிருந்து ஆனந்திபாய் ஜோஷி 1883இல் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் படித்தார். அந்தக் குளிரில் புடவை, சைவச் சாப்பாடு, ஏற்கெனவே பலவீனமான உடம்பு. 1886இல் மருத்துவராகிவிட்டார், மறு வருஷமே காசநோயில் இறந்தும் போனார், 21 வயது. இதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனசு கனத்துப்போகும். நன்றாகப் படிக்கிற பெண் என்பதால் அவள் சாப்பாட்டையும் தூக்கத்தையும் யாரும் பார்க்க வேண்டாம் என்று ஆகாது. மெஸ்ஸில் ஒரு வேளை நீங்களே சாப்பிடுங்கள். ராத்திரி காய்ச்சல் வந்தால் யார் கூட்டிப்போவார்கள், எந்த ஆஸ்பத்திரி என்று வார்டனிடம் கேளுங்கள், பதில் சொல்ல எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்பதையும் கவனியுங்கள். குளியலறையைப் பாருங்கள். விளையாட ஒரு மணி நேரம் விடுகிறார்களா என்று இரண்டாம் வருஷப் பிள்ளைகளைத் தனியாகக் கேளுங்கள்.

இப்போது பிளேஸ்மென்ட். பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவுடன் அந்தத் துறையிலேயே நல்ல வேலை கிடைப்பது குறைவு, இதை மறைக்கக் கூடாது. எம்.எஸ்சி. வேண்டும், அதை ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் படிக்க ஜாம் (JAM) என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், ஆசிரியர் ஆக வேண்டுமென்றால் பி.எட். வேண்டும். இந்த இரண்டில் எதற்குப் போனாலும் பி.எஸ்சி.யோடு சேர்த்து ஐந்து வருஷம் என்று கணக்கு வையுங்கள். உள்ளூரில் "ஏதாவது ஒரு கோர்ஸ்" என்றால் அவளுக்குப் பிடிக்காததை மூன்று வருஷம் படித்துவிட்டு அப்புறமும் இதே கேள்வியில் நிற்பீர்கள். அதை நான் சிபாரிசு செய்யவில்லை. அதே இயற்பியல், நல்ல லேபோடு, பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் கிடைத்தால் அது வேறு, அதையும் போய்ப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், வேலை நாளில் போங்கள், மகளையும் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு காலை முதல் சாயங்காலம் வரை இருங்கள், கேள்விகளில் பாதியை அவளே கேட்கட்டும். அட்மிஷனுக்குக் கடைசித் தேதி என்ன என்று நீங்கள் எழுதவில்லை, முதலில் அதைப் பாருங்கள். பார்த்துவிட்டு வந்ததும் எனக்கு எழுதுங்கள், லேப் பற்றி அவள் என்ன சொன்னாள் என்பதையும் சேர்த்து.