நாலே பஸ் ஓடினாலும் மேப்பில் தெரிய வேண்டும்: ஜி.டி.எஃப்.எஸ் கேள்வி பதில்

கேள்வி: எங்களிடம் மொத்தமே நாலு பஸ், ரெண்டு ரூட். டைமிங் எல்லாம் எக்செல்லில் இருக்கு. இதை மேப் ஆப்களில் வரவைக்க பெரிய சாஃப்ட்வேர் வாங்கணுமா சார்?

வேண்டாம். ஜி.டி.எஃப்.எஸ் என்பது பஸ் நேர விவரத்தை மேப் ஆப்கள் படிக்கும்படி எழுதும் ஒரு பொது வடிவம். ஒரே ஜிப்பில் போட்ட சில டெக்ஸ்ட் ஃபைல்கள், அவ்வளவுதான். நிறுவனம், நிறுத்தங்கள், ரூட்கள், ட்ரிப்கள், நிறுத்த நேரங்கள், காலண்டர் என்ற ஆறும் இருந்தால் உங்களுக்குப் போதும். எக்செல்லிலிருந்தே எடுக்கலாம். 2005-ல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் டிரைமெட் என்ற போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து தொடங்கியது இது. இன்று கூகுள் மட்டுமல்ல, ஓப்பன்ட்ரிப்பிளானர் போன்ற பயணத் திட்ட மென்பொருள்களும் இதையே படிக்கின்றன. ஒருமுறை தயாரித்தால் எல்லா இடத்துக்கும் அதே ஃபைல்தான்.

கேள்வி: கடைசி பஸ் ராத்திரி 11:40-க்குக் கிளம்பி 12:25-க்குப் போய்ச் சேருது. 00:25 என்று போட்டால் பிழை காட்டுதே?

24:25:00 என்று போடுங்கள். வெள்ளிக்கிழமை கிளம்பிய பஸ் நள்ளிரவு தாண்டினாலும் வெள்ளிக்கிழமை பஸ்தான். 00:25 என்றால் கிளம்புவதற்கு முன்பே போய்ச் சேர்ந்ததாக ஆகிவிடும்.

கேள்வி: நடுவில் வரும் நிறுத்தங்களுக்கு எங்களிடம் நேரமே இல்லை. தோராயமாகப் போடலாமா?

காலியாக விடுங்கள். முதல் நிறுத்தத்துக்கும் கடைசி நிறுத்தத்துக்கும் நேரம் கட்டாயம். இடையில் உள்ளதை ஆப்பே கணக்கிட்டுக்கொள்ளும். டிரைவர் நேரம் பார்த்து நின்று கிளம்பும் நிறுத்தங்களுக்கு மட்டும் சரியான நேரம் கொடுங்கள்.

கேள்வி: போக ஒரு பக்கம், வர எதிர்ப்பக்கம் நிற்கும். ஒரே நிறுத்தமாக வைத்தால் என்ன ஆகும்?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நான் உதவிய ஒரு சிறு நிறுவனத்தில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே புள்ளி வைத்திருந்தார்கள். மேப் காட்டிய இடத்தில் ஒரு பாட்டி பையோடு நின்றிருக்க, அவர் ஏற வேண்டிய பஸ் எதிர்ப்பக்கம் நின்று போய்விட்டது. அடுத்த பஸ் இரண்டு மணி நேரம் கழித்து. பக்கத்துக்கு ஒரு நிறுத்தம், தனித்தனி ஐடி. அந்த இடத்திலேயே நின்று போனில் புள்ளி எடுங்கள். தசமத்துக்குப் பிறகு ஐந்து இலக்கம் எழுதினால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வரை துல்லியமாகக் குறிக்கலாம். அட்சரேகை, தீர்க்கரேகை இடம் மாறினால் நிறுத்தம் கடலில் போய் விழும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விடுமுறை நாளில் பஸ் ஓடாது. அதை எப்படிச் சொல்வது?

காலண்டர் தேதிகள் என்று தனி ஃபைல் உண்டு. அந்தத் தேதிக்கு எதிரே 2 போட்டால் சேவை ரத்து, 1 போட்டால் கூடுதல் சேவை.

கேள்வி: மூணு மாசம் நல்லா காட்டியது. திடீர்னு எங்க பஸ் எல்லாம் காணோம்!

காலண்டர் ஃபைலில் முடிவுத் தேதி கடந்திருக்கும். பெரும்பாலும் இதுதான் காரணம். ஃபைல் தயாரிப்பது சில நாள் வேலை. அதைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதுதான் உண்மையான வேலை. அதற்கென்று ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். முடிவுத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே புதிய ஃபைல் போய்விட வேண்டும். ஃபைல் இருக்கும் இணைய முகவரியையும் நிறுத்தங்களின் ஐடியையும் மாற்றாதீர்கள். ஏற்றுவதற்கு முன் ஜி.டி.எஃப்.எஸ்-ஐப் பராமரிக்கும் மொபிலிட்டிடேட்டா அமைப்பின் இலவச வேலிடேட்டரில், அதாவது பிழை கண்டுபிடிக்கும் கருவியில், ஓட்டிப் பாருங்கள். சிவப்பில் பிழை காட்டினால் அன்று ஏற்ற வேண்டாம்.