‘ம்’னு ஒரு ரிப்ளை வந்தா போதும், அன்னிக்கு ஃபுல்லா அழுகைதான்

கேள்வி: டாக்டர், கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல தங்கி செகண்ட் இயர் இன்ஜினியரிங் படிக்கிறேன். மூணு மாசமா எதுலயும் மனசு ஒட்டல, தூக்கம் வரல, மெஸ்ல தட்டை அப்படியே வச்சுட்டு வந்துடறேன். ஃப்ரெண்டுக்கு நீளமா மெசேஜ் போட்டா அவ ‘ம்’னு மட்டும் அனுப்புறா, உடனே என்னை யாருக்கும் பிடிக்கலன்னு தோணி ‘கோவமாடி’ன்னு பத்து தடவ கேட்டுடறேன், இப்ப அவளே சலிச்சுக்கிறா. என் ரூம்மேட்டுக்கும் டிப்ரெஷன்தான். ஆனா யார் பேசலன்னாலும் அவ கண்டுக்க மாட்டா, ஒரே ஒரு அரியர் விழுந்ததுக்கு ‘நான் வேஸ்ட்டு’ன்னு ரெண்டு நாள் கதவே திறக்கல. ஏன் இப்படி ஆளுக்கொரு மாதிரி? என் குணமே இதுதானா?

பதில்: ரூம்மேட்டையும் சேர்த்து எழுதினது நல்லதாப் போச்சும்மா, பாதி பதில் அங்கயே இருக்கு. டிப்ரெஷன்ல தன்னால ஓடற எண்ணங்களப் பத்தி 1960கள்லயே எழுதினவர் ஆரோன் பெக்னு ஒரு அமெரிக்க மனநல டாக்டர். நான் சரியில்ல, உலகம் சரியில்ல, இனிமேலும் விடியாதுன்னு மூணு பக்கமும் அடிக்கும்னார். அப்புறம் 1983ல அவரே, சிலருக்கு உறவுல அடி விழுந்தா சாயுது, சிலருக்கு சாதிக்கறதுல அடி விழுந்தா சாயுதுன்னு ரெண்டு வகை குணம் சொன்னார். நீங்க முதல் வகைக்கு கிட்ட, அவங்க ரெண்டாவதுக்கு கிட்ட, ஆனா யாரும் நூறு சதவீதம் ஒரே பக்கம் கிடையாது. சின்ன வயசுல பாசம் இன்னிக்கு கிடைக்கும் நாளைக்கு கிடைக்காதுன்னு வளர்ந்தவங்களுக்கு இந்த ‘ம்’ பெரிய விஷயமாத் தெரியலாம் (இதுக்காக இன்னிக்கே அம்மாவுக்கு போன் போட்டு சண்டை போடாதீங்க).

அந்த ‘கோவமாடி’தான் எனக்கு கவலை. கேட்டா அஞ்சு நிமிஷம் நிம்மதி, மறுபடி சந்தேகம், மறுபடி கேள்வி, கடைசில அவ நிஜமாவே விலகுவா, நீங்க ‘பாத்தியா, நான் சொன்னேன்ல’ன்னு உட்காருவீங்க. 1976லயே ஜேம்ஸ் காய்ன்னு ஒரு உளவியலாளர் இந்தச் சுழலை எழுதி வச்சுட்டார். அடுத்த தடவ ‘ம்’ வந்ததும் போனை கவுத்து வச்சுட்டு நோட்டுல ரெண்டு வரி எழுதுங்க, நடந்தது ஒரு வரி, மனசு சொன்னது ஒரு வரி. ‘ம்’ வந்தது நடந்தது, பிடிக்கலங்கறது மனசு சொன்னது. அரை மணி நேரம் கழிச்சும் கேக்கணும்னு இருந்தா கேளுங்க.

குணம் இதுதானான்னு இப்ப முடிவு கட்டாதீங்க, ஜுரத்துல வாய் கசக்கறப்ப சாப்பாட்டுக்கு மார்க் போட்ட மாதிரி ஆயிடும். ரெண்டு வாரம் தாண்டினாலே டாக்டர்கிட்ட காட்டணும், உங்களுக்கு மூணு மாசம், இந்த வாரமே போங்க. டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி போன் லைன் இருக்கு, 14416, இலவசம், ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். சாகணும்னு எண்ணம் எட்டிப் பாத்தா அந்த நிமிஷமே கூப்பிடுங்க, தனியா இருக்காதீங்க.

ரூம்மேட்டையும் கூட்டிட்டுப் போங்க. ‘அரியர்லாம் ஒரு மேட்டரா’ன்னு மட்டும் அவங்ககிட்ட சொல்லிடாதீங்க, உங்ககிட்ட யாராவது ‘ம்முலாம் ஒரு மேட்டரா’ன்னு சொன்னா எப்படி இருக்கும், அப்படித்தான் அவங்களுக்கும்.