கண் மூடினால் மூக்கு திறக்கும்

கேள்வி: எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன். கீட்ஸ் எழுதிய நைட்டிங்கேல் கவிதையின் புலன் படிமங்களைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். பார்வை, ஒலி, சுவை, மணம், தொடுதல் என்று வரிகளைப் பிரித்து வைத்தேன். 'இது பட்டியல், ஆய்வு இல்லை' என்று பேராசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறு எப்படித்தான் எழுதுவது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: பிரித்துப் பார்த்தது வீண் வேலை இல்லை, அதோடு நிறுத்தியதுதான் பிரச்சினை. எந்தப் புலன் எங்கே விழிக்கிறது, எங்கே அடைபடுகிறது, ஏன் சரியாக அந்த இடத்தில் என்று கேட்டுக்கொண்டே கவிதையை முதலிலிருந்து திரும்பப் படியுங்கள்.

நைட்டிங்கேல் என்ற பாடும் பறவையின் குரலைக் கேட்கும் ஒருவன்தான் கவிதையில் பேசுகிறான். தொடக்கமே அவனுடைய மரத்துப்போன உணர்விலிருந்துதான். விஷம் குடித்தது போல, அபின் சாப்பிட்டது போல ஒரு மயக்கம். அடுத்த பகுதியில் ஒயின் கேட்கிறான். உடனே எல்லாப் புலன்களும் சேர்ந்து கொட்டுகின்றன: பூமிக்கடியில் நெடுங்காலம் குளிர்ந்த திரவம், அதில் பூக்களின் ருசி, நடனம், பாட்டு, வெயில், கோப்பையின் விளிம்பில் கண் சிமிட்டும் குமிழிகள், ஊதாக் கறை படிந்த வாய். ஒரே மடக்கில் இத்தனையும் எதற்கு? மூன்றாவது பகுதிக்குப் போங்கள், தெரியும். அங்கே பூ இல்லை, ருசி இல்லை. நரைமுடி, ஈயம் போல் கனத்த கண்கள், ஒலி என்று பார்த்தால் மனிதர்களின் முனகல்தான். வாலிபன் ஒருவன் வெளிறி, மெலிந்து, சாகிறான். கீட்ஸின் தம்பி டாம் 1818 டிசம்பரில் காசநோயால் இறந்தார், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் கீட்ஸ்தான், கவிதை அடுத்த வசந்தத்தில் வந்தது. அவர் மருத்துவம் படித்தவர் என்பதையும் மறக்காதீர்கள், நோயாளியின் முகம் எப்படி மாறும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். ஆக, அந்த ஒயின் அலங்காரத்துக்கு வந்த படிமம் இல்லை, அந்த நோயறையிலிருந்து தப்பிக்க ஒருவன் தேடும் வழி.

அப்புறம் நான்காவது, ஐந்தாவது பகுதிகள். ஒயினை வேண்டாம் என்று தள்ளிவிட்டுக் கற்பனையின் சிறகில் பறவையிடம் போய்ச் சேர்கிறான், போய்ப் பார்த்தால் ஒரே இருட்டு. காலடியில் என்ன பூ என்று தெரியவில்லை. மணத்தை வைத்தே ஒவ்வொன்றாக ஊகிக்கிறான்: காட்டு ரோஜா, இலைகளுக்கடியில் வேகமாக வாடிக்கொண்டிருக்கும் வயலெட், அடுத்து மலரப்போகும் கஸ்தூரி ரோஜா. கண் அடைபட்டதால்தான் மூக்கு இவ்வளவு கூர்மையாகிறது. ஆனால் அந்த மணத்துக்குள்ளேயே வாடுதலும் இருக்கிறது, கவனித்தீர்களா? இருட்டில் கேட்டுக்கொண்டே இருந்தவனுக்கு, இப்படியே வலியில்லாமல் செத்துப்போனால் என்ன என்று தோன்றுகிறது. உடனே அடுத்த எண்ணம்: செத்தால் நீ பாடிக்கொண்டே இருப்பாய், என் காதுக்குப் பயன் இருக்காது, நான் வெறும் மண்கட்டி. என்னைக் கேட்டால் கவிதையின் உச்சம் இதுதான். கண் போய், மூக்கையும் காதையும் நம்பி வந்தவன், சாவு அந்தக் காதையும் எடுத்துக்கொள்ளும் என்று உணர்கிறான். சாவின் மீதிருந்த ஆசையைக் கலைப்பது தத்துவம் இல்லை, கேட்க முடியாமல் போய்விடும் என்ற பயம். உங்கள் கட்டுரையை இந்த இடத்திலிருந்து தொடங்கி முன்னும் பின்னும் போய் எழுதிப் பாருங்கள்.

கேள்வி: நைட்டிங்கேல் அமரத்துவத்தின் குறியீடு என்று கைடுகளில் போட்டிருக்கிறது. அது சரியா?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: தவறில்லை, ஆனால் அதில் தொடங்கினால் கவிதை கையை விட்டுப் போய்விடும். முதலில் அது நிஜப் பறவை. 1819 வசந்தத்தில் லண்டனை அடுத்த ஹாம்ப்ஸ்டெட்டில் வீட்டருகே ஒரு நைட்டிங்கேல் கூடு கட்டியிருந்தது, ஒரு நாள் காலை கீட்ஸ் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார் என்று அவரோடு அங்கே குடியிருந்த நண்பர் சார்ல்ஸ் பிரவுன் பின்னாளில் எழுதியிருக்கிறார். இலகுவான சிறகு என்பதைத் தாண்டி அந்தப் பறவை எப்படி இருக்கும் என்று கவிதையில் எதுவும் இல்லை. குரல்தான் இருக்கிறது. உருவத்தைக் காட்டியிருந்தால் அது ஒரு மரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பறவை, என்றாவது ஒரு நாள் சாகும். குரல் அப்படியில்லை, அன்றைய அரசனும் குடியானவனும் கேட்டதும் பைபிளின் ரூத் அந்நிய வயலில் அழுதபடி கேட்டதும் இதே குரலாக இருக்கலாம் என்று சொல்ல முடிகிறது. அமரத்துவம் என்ற பொருள் குரலிலிருந்துதான் வருகிறது, அதைக் காட்டிவிட்டு அப்புறம் குறியீடு என்று எழுதுங்கள்.

கேள்வி: வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் கவிதை முழுக்கக் காட்சிதானே? அதில் ஆராய என்ன இருக்கிறது?
– ஓர் ஆசிரியை, கோவை

பதில்: தேதிகளைப் பாருங்கள். இங்கிலாந்தின் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அந்த டாஃபடில் பூக்களைப் பார்த்தது 1802 ஏப்ரல் 15, கவிதை எழுதியது 1804 வாக்கில். அன்று தங்கை டோரதியும் கூட இருந்தார். கல்மேல் தலை சாய்த்துக் களைப்பாறிய பூக்களையும் காற்றில் ஆடிய மற்றவற்றையும் பற்றித் தன் நாட்குறிப்பில் அழகாக எழுதியிருக்கிறார். கவிதையில் டோரதி இல்லை, களைத்த பூக்கள் இல்லை, மேகம் போலத் தனியாக அலையும் ஒருவன் மட்டும் இருக்கிறான். பார்த்தபோது அந்தக் காட்சியின் மதிப்பு தெரியவில்லை என்று அவனே சொல்கிறான். பின்னாளில் சோபாவில் சாய்ந்திருக்கும்போது மனக்கண்ணில் அது பளிச்சிடுகிறது. அந்த மனக்கண் வரிகளைத் தந்தவர் வேர்ட்ஸ்வொர்த்தின் மனைவி மேரி. கீட்ஸிடம் புலன் வேலை செய்யும் அந்த நொடியே கவிதை. வேர்ட்ஸ்வொர்த்துக்கோ பூக்கள் கண்ணைவிட்டுப் போன பிறகுதான் கவிதை ஆரம்பமாகிறது.