ஆண்கள் ஹேமர் த்ரோவில் ஒரே போட்டியில் இரண்டு பேருக்கு வெண்கலம் கொடுத்தார்களே, அது நியாயமா?

நீங்கள் கேட்பது 2019 தோஹா உலகத் தடகளப் போட்டி பற்றி என்று எடுத்துக்கொள்கிறேன். எங்கோ பதக்கப் பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். வெண்கலத்துக்கு நேராக இரண்டு பெயர் இருந்திருக்கும். இரண்டு பேரும் ஒரே தூரம் எறிந்திருந்தாலாவது பரவாயில்லை, அதுவும் இல்லையே என்று தோன்றியிருக்கும். ஒரு வரியில் பதில் வேண்டுமென்றால், நியாயம்தான். ஆனால் நான் அப்படிச் சொல்வதில் என் சொந்த லாபம் ஒன்று இருக்கிறது. அதை மறைத்துவிட்டுத் தீர்ப்பு சொல்லக் கூடாது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் 2, இறுதிப் போட்டி. போலந்தின் பாவெல் ஃபைடெக் 80.50 மீட்டர் எறிந்து தங்கம். பிரான்சின் குவென்டின் பிகோ 78.19, வெள்ளி. ஹங்கேரியின் பென்ட்செ ஹலாஸ் 78.18. ஒரே ஒரு சென்டிமீட்டரில் வெள்ளி போனது, அது தனிக்கதை. நாலாவது போலந்தின் வோய்ச்செக் நொவிட்ஸ்கி, 77.69. ஹலாஸின் அந்த 78.18 முதல் வாய்ப்பிலேயே வந்தது. சுழலத் தொடங்கும்போதே அவர் கால் எறிபவர் நிற்கும் வட்டத்துக்கு வெளியே பட்டுவிட்டது, அதனால் அந்த எறிதல் செல்லாது என்று போலந்து அணி முறையிட்டது. ஆனால் களத்தில் இருந்த நடுவர்கள் அதைச் சரியான எறிதல் என்று ஏற்று அளந்துவிட்டார்கள். கடைசியில் ஹலாஸிடமிருந்து பதக்கத்தைப் பிடுங்கவும் இல்லை, நொவிட்ஸ்கியை வெறுங்கையோடு அனுப்பவும் இல்லை. ஆளுக்கொரு வெண்கலம்.

பஞ்சாயத்துத் தீர்ப்பு மாதிரி இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும். முதல் எறிதலிலேயே சிவப்புக் கொடி விழுந்திருந்தால் ஹலாஸ் அடுத்த ஐந்தையும் வேறு மாதிரி எறிந்திருப்பார். பார்க்க வேண்டியவர் பார்க்காமல் விட்டதற்கு எறிந்தவனை எப்படித் தண்டிப்பது? இது என் வாதம். முப்பது வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் வாதமும் இதுதான்.

நான் நீடாமங்கலம் பக்கத்துக்காரன். 1996ல் பிளஸ் டூ. எங்கள் பள்ளியில் ஹேமர் என்று ஒன்றே ஒன்றுதான். கைப்பிடி உடைந்து, ஊர் வெல்டிங் பட்டறையில் ஒட்டவைத்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், பெயர்தான் ஹேமர், சுத்தியல் மாதிரி எதுவும் இருக்காது. இரும்புக் குண்டு, அதிலிருந்து ஒரு கம்பி, கம்பி முனையில் முக்கோணக் கைப்பிடி. பெரிய ஆண்களுக்கு மொத்தம் 7.26 கிலோ. எங்களுக்கு அதைவிட லேசானது. பேப்பரில் சங்கிலிக் குண்டு எறிதல் என்று போடுவார்கள். எங்கள் தாத்தா ஒருநாள் பார்த்துவிட்டு, "கவண்டா இது, கல்லையும் கயித்தையும் சேத்தே விட்டெறியிறீங்க" என்றார். கதிர் முற்றும் காலத்தில் கவண் சுற்றிக் குருவி விரட்டியவர். அவர் சொன்னதைவிடச் சரியான விளக்கத்தை நான் இதுவரை படித்ததில்லை.

சுழற்றிப் பழகியது நெற்களத்து சிமென்ட் தரையில். சாக்கில் மணலைக் கட்டி, கயிறு போட்டு, இடதுகால் குதிகாலில் ஒரு திருப்பு, அப்படியே முன்பாதத்தில் உருண்டு இன்னொரு திருப்பு. தை பிறந்து களத்துக்கு நெல் வந்துவிட்டால் பழக்கம் நின்றுபோகும். நிஜக் குண்டை எறிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தரிசு. டெல்டா களிமண் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மழைக்காலத்தில் குண்டு விழுந்தால் மண்ணுக்குள் முழுசாகப் போய்விடும், கைப்பிடி மட்டும் வெளியே தெரியும். மண்வெட்டியால் தோண்டி எடுத்து, வாய்க்காலில் கழுவி, மறுபடி எறிய வேண்டும். ஒரு எறிதலுக்குக் கால் மணி நேரம். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், வெடிப்புக்குள் கம்பி சிக்கி வளைந்துபோகும். வருடத்தில் இரண்டு மாதம்தான் ஒழுங்காக எறிய முடியும் என்றால் நம்பமாட்டீர்கள்.

எறிபவரைச் சுற்றி ஒரு வலைக்கூண்டு இருக்க வேண்டும். எங்களுக்கு அது சவுக்குக் கம்பமும், நாகப்பட்டினத்திலிருந்து யாரோ கொண்டுவந்த பழைய மீன்வலையும். சிரிக்காதீர்கள். அந்த வலை கூட இல்லாத பள்ளிகள் இருந்தன. தோஹா இறுதிப் போட்டி நடந்த அதே வாரம் கேரளத்தில், பாலாவில், ஜூனியர் போட்டிக்கு உதவியாக நின்ற ஒரு பள்ளி மாணவன் தலையில் ஹேமர் விழுந்து, இரண்டு வாரத்துக்குப் பிறகு இறந்துபோனான். அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் பி.டி. சாரை நினைத்துக்கொண்டேன். அவர் வலைக்குப் பக்கத்தில் ஒருவனையும் நிற்கவிடமாட்டார், பிரம்பு எடுத்துவிடுவார்.

உடம்பு பெருசாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நல்ல எறிகாரர் கையிலிருந்து குண்டு விடுபடும்போது மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகம். அந்த நேரத்தில் அது கையை இழுக்கிற இழுப்பு முந்நூறு கிலோவுக்கும் மேல். ஒரு நெல் சிப்பம் 40 கிலோ; ஏழெட்டுச் சிப்பம் உங்கள் கையில் தொங்கிக்கொண்டு வெளியே ஓடப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையால் இழுத்து ஜெயிக்க முடியாது. உடம்பைப் பின்னால் சாய்த்து, குண்டை ஓடவிட்டு, காலை மட்டும் அதற்கு முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும். தூர்தர்ஷன் மகாபாரதத்தில் பீமனாக வந்தாரே பிரவீன் குமார், அவர் 1966 ஆசிய விளையாட்டில் இதே ஹேமரில் வெண்கலம் வாங்கியவர். சார் அதைச் சொல்லிவிட்டு, "கதாயுதத்தைத் தூக்குனதுனால இல்லடா, காலைத் தூக்கி வெச்சதுனால" என்பார்.

நான் மூன்று சுற்றுக்காரன். பலர் நாலு சுற்றுவார்கள். மூன்று சுற்றினால் ஏதோ குறை மாதிரி பேசுகிறவர்கள் உண்டு. 1986ல் ஸ்டுட்கார்ட்டில் யூரி செதிக் எறிந்த 86.74 மீட்டர் உலக சாதனை இன்னும் நிற்கிறது. அவர் மூன்று சுற்றுக்காரர்தான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தஞ்சாவூரில் மாவட்டப் போட்டி. முதல் இரண்டு பேருக்கு மாநிலப் போட்டி. முதலாவது வந்தவன் எங்களுக்கெல்லாம் எட்டாத தூரத்தில். இரண்டாவது இடத்துக்கு நானும் ஒரத்தநாடு பக்கத்துப் பையன் ஒருவனும். என் கடைசி எறிதல். குண்டு கையை விட்டுப் போனதுமே நல்ல எறிதல் என்று தெரிந்துவிட்டது. நல்லதாக விழுந்தால் கையில் எடையே தெரியாது. ஆனால் வேகம் என்னை முன்னால் தள்ளியது. வட்டத்தின் இரும்பு வளையம் 6 மில்லிமீட்டர் கனம். அதன் உட்பக்கம் கால் உரசலாம், மேல் விளிம்பைத் தொடக் கூடாது. என் வலதுகால் கட்டைவிரல் விளிம்பின் மேல் ஏறி இறங்கியது. வெறுங்கால். இரும்பின் சூடு இன்றைக்கும் தெரிகிறது. மத்தியானம் ரெண்டு மணி வெயில்.

நடுவராக உட்கார்ந்திருந்தவர் குண்டு போகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் குண்டைத்தான் பார்ப்பார்கள், அது இயல்பு, அவரைக் குறை சொல்லமாட்டேன். வெள்ளைக் கொடி. டேப்பைப் பிடித்தார்கள். 38.42. அந்தப் பையன் 38.36.

ஆறு சென்டிமீட்டர்.

நான் பின்பாதி வழியாக ஒழுங்காக வெளியே வந்தேன். அதையும் சொல்லியாக வேண்டும், முன்பக்கமாக வந்தாலும் ஃபவுல். விதியெல்லாம் தெரிந்தவன்தான். சொல்லியிருக்கலாமே என்று இங்கே யாராவது எழுதுவீர்கள். பதினேழு வயசு. சார் ஓடிவந்து தோளைப் பிடித்து உலுக்குகிறார். அப்பா அன்றைக்கு நடவு ஆட்களை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருக்கிறார், அவர் வாழ்க்கையில் பார்த்த ஒரே போட்டி. நீங்கள் சொல்லியிருப்பீர்கள் என்றால் ரொம்ப நல்லது.

மாநிலப் போட்டியில் மூன்றும் ஃபவுல். ஆமாம், மூன்றும். ஃபைடெக்குக்கே 2012 லண்டன் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் மூன்றும் போயிற்று என்று பிற்பாடு படித்தபோது கொஞ்சம் ஆறுதல். ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற ஆள், ஒலிம்பிக்கில் இதுவரை ஒரே ஒரு வெண்கலம். ஆனால் எனக்கு மாநிலப் போட்டியில் கலந்துகொண்ட சான்றிதழ் கிடைத்தது. அதை வைத்துக் கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இடம் கிடைத்தது. அந்த ஆறு சென்டிமீட்டரில்தான் நான் பி.காம். படித்தேன்.

அந்த ஒரத்தநாடு பக்கத்துப் பையனை மறுபடி பார்த்தது 2018 மாசியில், ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. இதைக் கொஞ்சம் பேசிவிட்டுப் போகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று புகார் செய்யாதீர்கள். சம்பா அறுத்து ஒன்பது நாள் நெல்லைக் கொட்டிவைத்துக் காத்திருந்தேன். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சரி, விதி விதிதான். ஆனால் ஈரம் பார்க்கிற மீட்டர் எப்போதும் அவர்கள் பக்கமாகத் திரும்பியிருக்கும். பதினெட்டரை என்பார்கள், எட்டிப் பார்ப்பதற்குள் நெல்லைக் கொட்டிவிடுவார்கள். ரோட்டில் காயவைத்துக் கொண்டுபோனால் இன்றைக்கு சாக்கு இல்லை என்பார்கள். ராத்திரி பனியில் மறுபடி ஈரம் ஏறும். காய்ந்த நெல்லை எங்களிடமே நனையவைத்து, ஈரம் என்று எங்களையே திருப்பி அனுப்புவது. மைதானத்திலாவது டேப் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

அன்றைக்குக் காத்திருந்த கூட்டத்தில் ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. தோள் மட்டும் அப்படியே. "நீங்க மூணு சுத்துதானே?" என்றார். எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. இப்போது அறுவடை மிஷின் வைத்திருக்கிறார், அது போகச் சொந்த நிலம் ரெண்டு ஏக்கர். டீ வாங்கிக் கொடுத்தார். காசை நான் கொடுக்கப்போனால் விடவில்லை. பாதி டீயில், சாதாரணமாகத்தான் சொன்னார்:

"அன்னைக்கு ஒங்க கட்டவெரல் வளையத்து மேல இருந்துச்சுங்க. நான் சைடுல நின்னேன்ல."

நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க சார்ட்ட சொன்னேன். நம்ம எழுதிக் குடுத்தா நடுவரா இருக்குறவருக்குச் சங்கடம்டா, நாளைக்கு அவரு மூஞ்சில முழிக்கணும், பேசாம இருன்னுட்டாரு."

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்குள் தூறல் போட்டது. அவர் டம்ளரை வைத்துவிட்டு ஓடிவந்து என் நெல்லுக்குத் தார்ப்பாயை இழுத்து மூடினார். அவருடையதை அதற்கப்புறம்தான் மூடினார்.

நொவிட்ஸ்கிக்கு முறையீடு செய்ய ஒரு அணி இருந்தது. வெண்கலத்தை வாங்கிக்கொண்டு போனவர், 2021ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 82.52 எறிந்து தங்கமே வாங்கிவிட்டார். அதனால் தோஹா தீர்ப்பில் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. இப்போதைய விதிப் புத்தகத்தில், முதல் சுழற்சியில் வட்டத்தின் பின்பாதியில், உந்துவிசை எதுவும் எடுக்காமல் கால் பட்டால் ஃபவுல் இல்லை என்று சலுகையும் உண்டு. என் கால் பட்டது முன்பாதியில். எந்தப் புத்தகத்திலும் எனக்குச் சலுகை இல்லை.

அன்றைக்கு போன் நம்பர் வாங்கிக்கொண்டோம். பொங்கலுக்கு வாழ்த்து, மிஷின் எப்போது வரும் என்ற விசாரிப்பு, அவ்வளவுதான். 2019 அக்டோபரில் ஒருநாள் காலை அவரிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு செய்தி. தோஹாவில் இரண்டு பேருக்கு வெண்கலம் என்ற செய்தியின் இணைப்பு. கீழே ஒரு வார்த்தை, "பாத்தீங்களா?"

முன்பின் தெரியாத உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறேன். அவருக்கு இன்னும் பதில் போடவில்லை.