எழுதினபடிதான் நடக்குமா?

ஐயா,

என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். எது நடந்தாலும் "எல்லாம் தலையெழுத்து" என்பார். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே படிப்பை விட்டுவிட்டுக் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் தம்பியும் இப்போது அதையே சொல்கிறான். நாம் முடிவெடுப்பதற்கு முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறது என்று லிபெட்டின் பரிசோதனை காட்டியதாக அண்மையில் வாசித்தேன். அம்மா சொல்வதைத்தான் விஞ்ஞானமும் சொல்கிறதா? அப்படியானால் தம்பியைக் கடிந்துகொள்வதில் என்ன நியாயம்?

வாசகி, பொகவந்தலாவை

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டும் ஒன்றல்ல. ஒவ்வொரு நிகழ்வும் அதற்கு முந்திய காரணங்களால் விளைகிறது என்பது நியதிவாதம். நாம் என்ன செய்தாலும் முடிவு மாறாது என்பது விதிவாதம். முயற்சிக்கு ஆற்றலே இல்லை என்று, புத்தர் காலத்தில் வாழ்ந்த ஆசீவகத் துறவி மற்கலி கோசாலர் போதித்ததாகப் பௌத்த நூல்கள் கூறுவது இதைத்தான். முன்னதில் முயற்சியும் காரணங்களுள் ஒன்று; பின்னதில் அதற்கு இடமே இல்லை.

அமெரிக்க நரம்பியல் விஞ்ஞானி பெஞ்சமின் லிபெட் 1983இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் தமக்குத் தோன்றும்போது கையை அசைத்து, அந்த எண்ணம் எழுந்த கணத்தையும் குறிப்பிட வேண்டியிருந்தது. அசைவுக்குச் சுமார் அரை விநாடி முன்பே மூளையில் மின்மாற்றம் தொடங்கியிருந்தது. எண்ணம் எழுந்ததாக அவர்கள் சொன்ன கணமோ அசைவுக்கு ஏறத்தாழ 0.2 விநாடிக்கு முன்புதான். அந்த மின்மாற்றத்தை எடுத்துமுடித்த முடிவாகக் கொள்ள வேண்டியதில்லை என்று 2012இல் நரம்பியல் ஆய்வாளர் ஆரன் ஷுர்கரும் அவருடைய சகாக்களும் வேறு விளக்கம் தந்தார்கள். அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், உங்கள் அம்மாவின் கைகள் இதைவிடத் தெளிவான விடையைத் தருகின்றன என்று நான் கருதுகிறேன்.

நிரையில் நிற்கும் அவருடைய விரல்களைக் கவனித்துப் பாருங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கைக்கு வருகின்றன, முற்றிய இலை செடியிலேயே நின்றுவிடுகிறது. ஒவ்வொரு கொழுந்துக்கும் தனியே யோசித்து அவர் முடிவெடுப்பதில்லை. எண்ணம் முந்தவில்லை என்பதற்காக அது அவருடைய செயல் அல்ல என்று யார் சொல்வார்? நிறை குறைந்தால் சம்பளம் குறையும் என்ற கவலையும், எது கொழுந்து என்ற அறிவும், ஆண்டுக்கணக்கான பழக்கமும் அந்த விரல்களில் இயங்குகின்றன. இன்று இன்ன விதமாகப் பறிக்க வேண்டும் என்று காரணத்தோடு சொன்னால் அதே விரல்கள் உடனே வேறு விதமாகப் பறிக்கும். காரணத்தைக் கேட்டு மாறக்கூடிய இந்த ஆற்றலையே நான் சுதந்திரம் என்கிறேன். அதற்கு மூளையும் காரணங்களும் பகையல்ல.

சுதந்திரத்தைப் பறிப்பவை வேறு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்து, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கியது. அம்மக்களின் பிரதிநிதிகள் அந்தப் பேச்சுவார்த்தையில் இடம்பெறவில்லை. இதையும் தலையெழுத்து என்று சொல்லிவிட்டால், அதை எழுதிய கைகள் எவருடையவை என்ற கேள்வியே எழாமல் போய்விடும். விதிவாதத்தின் மீது எனக்குள்ள கோபம் இதனால்தான்.

இனித் தம்பி. தோட்டத்து லய அறையில் பிறப்பதையோ, வீட்டுக் கடனையோ, பள்ளிக்கூடத்தின் தூரத்தையோ அவர் தேர்ந்தெடுக்கவில்லை. ஆகவே பழி சொல்வதில் நீங்கள் தணிந்தே இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எல்லாவற்றையும் சூழ்நிலையின் மேல் போட்டுவிட்டு அவரிடம் எதையும் எதிர்பார்க்காமல் இருப்பது கருணை ஆகாது. ஒருவர்மீது மனக்கசப்புக் கொள்ளவும் அவரிடம் நன்றி கொள்ளவும் முடிவதுதான் அவரை மனிதராக நடத்துவது என்ற கருத்தைப் பிரித்தானிய மெய்யியலாளர் பி.எஃப். ஸ்ட்ரோசன் 1962இலேயே விரிவாக வாதிட்டிருக்கிறார்.

ஏன் விட்டாய் என்று கேட்பதற்குப் பதிலாக, இனி என்ன செய்யலாம் என்று கேளுங்கள். சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவும் தோற்றலாம். அடுத்த விண்ணப்பம் கோரப்படும்போது அந்தத் தகவல் அவர் கைக்குப் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.