குழந்தைகளுக்கான படப்புத்தகத்தில் கடைசியில் நீதி இருந்தே தீர வேண்டுமா?

இருக்க வேண்டியதில்லை. இந்த ஒரு வரியோடு நிறுத்தியிருப்பேன். ஆனால், "சிரிப்புக் கதை ஒன்று எழுதியிருக்கிறேன், வீட்டில் படித்துவிட்டு இதில் என்ன கருத்து இருக்கிறது என்கிறார்கள்" என்றும் நீங்கள் கேள்வியோடு சேர்த்திருக்கிறீர்கள். அது என்னைச் சுட்டுவிட்டது. கடலூரில் இருந்துகொண்டு பல வருடங்களாகப் படப்புத்தகங்களுக்குக் கதை எழுதுகிறவள் நான். "என்ன கருத்து" என்ற கேள்வியை என் மாமியார் முதல் மேடைப் பேச்சாளர்கள் வரை எல்லோர் வாயிலும் கேட்டாயிற்று. உங்கள் வீட்டில் கேட்டவர் அநேகமாக ஓய்வுபெற்ற ஆசிரியராக இருப்பார். நல்ல மனிதராகவும் இருப்பார். பேரப்பிள்ளை நன்றாக வளர வேண்டும் என்ற அக்கறையில்தான் சொல்லியிருப்பார். அவரோடு சண்டை வேண்டாம், கதையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

என் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். சித்திரை மாதம். விடுமுறைக்கு வந்திருக்கும் பேரப்பிள்ளைகளுக்காக ஓர் ஆயா பண்ருட்டியில் பலாப்பழம் வாங்கிக்கொண்டு கடலூர் பஸ்ஸில் ஏறுகிறார். ஜன்னலோர இருக்கையில் பழத்தை உட்கார வைத்துவிட்டுத் தான் நின்றுகொள்கிறார். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொல்கிறார். "உட்கார்ந்து வருகிறவருக்கு எதற்கு லக்கேஜ் டிக்கெட்? ஆள் டிக்கெட்டே கொடு" என்கிறார் ஆயா. பஸ் நெல்லிக்குப்பத்தை நெருங்கும்போது வாசனை கிளம்புகிறது. முன் இருக்கையில் ஒருவர் புதிதாக வாங்கிய அரிவாள்மனை வைத்திருக்கிறார். பின் இருக்கையில் ஒருவரிடம் நல்லெண்ணெய் இருக்கிறது. பிறகு என்ன நடக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? கடலூரில் இறங்கும்போது ஆயாவின் சுருக்குப்பையில் மிச்சம் இருப்பது பழத்துக்கு எடுத்த டிக்கெட் மட்டும். வீட்டு வாசலில் பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். "நாளைக்கு எல்லோருமே பண்ருட்டிக்குப் போகலாம், கிளம்புங்கள்" என்கிறார். அவ்வளவுதான் கதை.

இதில் கண்டக்டர் மட்டும் சாப்பிடமாட்டார். யார் சுளையை நீட்டினாலும் "வேலை நேரம்" என்று மறுத்துவிடுவார். நான் எழுதியது அத்தனைதான். படம் வரைந்தவர் புதுச்சேரிக்காரர். கடைசிப் பஸ் படத்தில் கண்டக்டரின் சட்டைப்பை புடைத்திருக்கும்படி வரைந்தார். உற்றுப் பார்த்தால் அதன் விளிம்பில் ஒரு பலாக்கொட்டை எட்டிப் பார்க்கும். விரலில் பிசுபிசுப்பு ஏறி டிக்கெட் கத்தை கையை விட்டு வராமல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் முகத்தில் அதே கண்டிப்பு. எழுத்து ஒன்று சொல்கிறது, படம் வேறொன்று சொல்கிறது. படப்புத்தகத்தின் சிரிப்பு பிறப்பதே அந்த இடைவெளியில்தான்.

புதுச்சேரியில் ஒரு நூலகத்தில் இதை வாசித்துக் காட்டினேன். இன்னும் எழுத்துக்கூட்டக்கூடத் தொடங்காத ஒரு சிறுமி முன்வரிசையில் இருந்தாள். அந்தப் பக்கம் வந்ததும் எழுந்து வந்து சட்டைப்பையின் மேல் விரலை வைத்து, "இவரும் தின்றிருக்கிறார்!" என்று கத்தினாள். கூடத்தில் ஒரே ஆரவாரம். அதன்பிறகு என்னை மேலே வாசிக்க விடவில்லை. முதல் பக்கத்துக்குத் திரும்பச் சொல்லி, ஒவ்வொரு படத்திலும் கண்டக்டரின் கை எங்கே இருக்கிறது, வாய் அசைகிறதா என்று துப்பறிந்தார்கள். படிக்கத் தெரிந்த பெரிய பிள்ளைகள் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, படிக்கத் தெரியாதவள் எல்லோருக்கும் முன்னால் கதையைப் பிடித்துவிட்டாள். அவள் முகத்தில் அன்று இருந்த பெருமிதத்தை எந்த நீதிவாக்கியத்தால் கொடுத்துவிட முடியும்?

இதே புத்தகத்தை ஒரு பள்ளி மொத்தமாக வாங்க முன்வந்தது. பெயர் வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனைதான்: கடைசிப் பக்கத்தில் "நீதி: பகிர்ந்து உண்ண வேண்டும்" என்று அச்சிட வேண்டும். பதிப்பாளருக்கு அது பெரிய விற்பனை. எனக்கும் பணத்தேவை இருந்த நேரம். இருந்தும் மறுத்தேன். பஸ்ஸில் அத்தனை பேர் பகிர்ந்து சாப்பிட்டதை இருபது பக்கம் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு அதைத் திரும்பச் சொல்வது, அவனுக்கு எதுவும் புரிந்திருக்காது என்று அவன் முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். அதோடு, கண்டக்டர் ரகசியமாகத் தின்றதற்கு எந்த நீதியை அச்சிடுவது? விற்பனை கைவிட்டுப் போயிற்று. இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

உடனே சிலர் கிளம்புவார்கள். "அப்படியானால் ஆத்திசூடி வேண்டாமா? புதுச்சேரியில் இருந்த பாரதி பாப்பாவுக்கு அறிவுரை சொல்லவில்லையா?" என்பார்கள். நான் ஔவையாருக்கு எதிரி இல்லை. என் பிள்ளைகளுக்கு ஆத்திசூடி சொல்லிக் கொடுத்தவள் நான்தான். பாரதியும் ஓடி விளையாடச் சொல்லிவிட்டுத்தான் மற்றதற்கு வருகிறார். அறநூலின் வேலை வேறு, கதையின் வேலை வேறு என்கிறேன், அவ்வளவே. சிரிப்பதற்காகவே கதை சொல்வது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய பரமார்த்த குரு கதையைப் பாருங்கள். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் தோய்த்துப் பார்க்கிறார்கள் சீடர்கள். கரையேறியதும் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒரு ஆள் குறைகிறதே என்று அழுகிறார்கள். 1822இல் லண்டனில் அச்சேறிய அந்தக் கதைக்கு இன்றும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

சிரிப்பு என்றால் எந்தச் சிரிப்பும் சரி என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நிறம், உடல் பருமன், திக்குவாய் இவற்றை வைத்துச் சிரிக்க வைக்கிற கதைகளைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. வகுப்பில் அந்த உடம்போடு ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். நான் ஒரு கதை எழுதி முடித்ததும், இதில் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோமோ அவரைச் சாப்பிட வீட்டுக்குக் கூப்பிடத் தோன்றுகிறதா என்று பார்ப்பேன். ஆயாவையும் கண்டக்டரையும் கூப்பிடத் தோன்றியது.

கேட்டது இதுவல்ல, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பள்ளிகளுக்குப் போகும்போதெல்லாம் நான் பார்ப்பது பூட்டிய கண்ணாடி அலமாரி. உள்ளே அழகான படப்புத்தகங்கள், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். காரணம் கேட்டால் கிழித்துவிடுவார்கள் என்பார்கள். ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. புத்தகத்தை இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு, ஒன்று குறைந்தால் பொறுப்பாசிரியர் பதில் சொல்ல வேண்டும் என்றால் யார்தான் திறந்துவிடுவார்கள்? சுண்ணக்கட்டி தேய்ந்தால் எந்த ஆசிரியரையும் யாரும் கேட்பதில்லை, புத்தகம் தேய்ந்தால் மட்டும் விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் புரட்டிக் கிழிந்த புத்தகத்தைக் கழித்துவிட எளிய வழி வைக்க வேண்டும். என் புத்தகம் ஒன்று கிழிந்து, பசைத்தாள் ஒட்டி, அட்டை போய்க் கிடந்ததைத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீட்டில் பார்த்தேன். எனக்கு விருது கொடுத்தது போல இருந்தது.

சரி, உங்கள் கதைக்கு வருகிறேன். அதை இன்னும் பக்கம் பிரிக்காமல் ஒரே தொடர்ச்சியான எழுத்தாகத்தான் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எட்டு வெள்ளைத் தாள்களை ஒன்றாக மடித்து நடுவில் தைத்தால் 32 பக்கம் கிடைக்கும். அச்சகத்தில் பெரிய தாளை மடிக்கும்போது 16 பக்கம் ஒரு ஃபாரமாக வருவதால் படப்புத்தகங்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் அமையும். சின்னக் கதை என்றால் நான்கு தாள் போதும். அதில் கதையைப் பிரித்து எழுதுங்கள். சிரிப்பு வரவேண்டிய இடம் பக்கத்தைத் திருப்பிய பிறகு வருகிறதா என்று பாருங்கள். எதிர்ப்பக்கத்திலேயே தெரிந்துவிட்டால் பிள்ளை முந்திக்கொள்ளும். படம் காட்டிவிடக்கூடிய எல்லாவற்றையும் எழுத்திலிருந்து அடித்துவிடுங்கள். ஆயா என்ன நிறச் சேலை கட்டியிருந்தார் என்று எழுதவே வேண்டாம்.

மாதிரி பார்க்க, பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படப்புத்தகங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் புத்தகங்களும் போடுகிறது. எடுத்துப் பிள்ளைகளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், எந்தப் பக்கத்தில் கையை நீட்டுகிறார்கள் என்று கவனியுங்கள். பதிப்பாளர் கிடைத்தால், படம் வரைகிறவர் பெயர் அட்டையில் உங்கள் பெயர் அளவுக்கே வரவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். அச்சான பிறகு கேட்டால் நடக்காது.