பெரியப்பாவின் மோட்டார் சைக்கிள் ஏன் வெளியே வருவதில்லை?

கேள்வி: என் பெரியப்பாவிடம் 1990களில் தயாரான டுகாட்டி மான்ஸ்டர் 900 இருக்கிறது. ஞாயிறு தோறும் துடைக்கிறார்; ஓட்டுவதில்லை. சந்தைக்குப் போவது பழைய ஹொண்டாவில்தான். விற்றுவிடுங்கள் என்றால் கோபம் வருகிறது. பிறகு எதற்கு வைத்திருக்கிறார்?
– வாசகர், உப்புவெளி

பதில்: தம்பி, விற்கச் சொல்லாதீர்கள். திருகோணமலை உவர்மலையில் 30 ஆண்டுகளாகக் கராஜ் வைத்திருக்கிறேன். பெருமைக்கு வைத்திருப்பவர்களும் உண்டு. ஆனால் என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலானோர் பயத்தினால் ஓட்டாதவர்கள்.

அந்த எஞ்சினில் வால்வைத் திறக்க ஒரு நெம்பு, மூட இன்னொரு நெம்பு. மற்ற வண்டிகளைப் போல ஸ்பிரிங்கை நம்பி மூடுவதில்லை. வால்வுக்கும் நெம்புக்கும் உள்ள இடைவெளி பார்க்கப் பழகிய கை வேண்டும். வால்வுகளை இயக்கும் ரப்பர் பெல்ட்டை, வண்டி ஓடினாலும் நின்றாலும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும். அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடித்துவிடும். அந்த பெல்ட் நம் ஊர்க் கடைகளில் தொங்குவதில்லை. 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றதும், இது போனால் இன்னொன்று வராது என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. 2022இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் கிடைத்த நாட்களில் உறை போட்டவர்கள் சிலர் இன்னும் அதைக் கழற்றவில்லை.

ஓட்ட இடமும் குறைவு. அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியில்லை. கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ்ஸின் பின்னால் நின்று பாருங்கள். ஓடும் காற்றில் குளிரவேண்டிய எஞ்சின் தொடையைச் சுடும்.

ஆனால் நிற்பதும் வண்டியைக் கொல்லும். சென்ற வருடம் ஒருவருடைய வண்டியைத் திறந்தேன். புகைக்குழாயின் வாயைக் குளவி மண்ணால் அடைத்திருந்தது. காபரேட்டர் கிண்ணத்தில் பெற்றோல் வற்றிப் பழுப்புப் பசையாகக் கிடந்தது. ஊசி நுழையாத அளவு துளைகள் எல்லாம் அடைபட்டிருந்தன. மேலே பெற்றோல் தாங்கி மட்டும் கண்ணாடி போல மின்னியது. உரிமையாளர் பக்கத்தில் குந்தியிருந்து, கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் தன் சாரத்தால் துடைத்துத் துடைத்து என்னிடம் தந்தார். அந்த மனிதரை எப்படிக் குறை சொல்வது?

பெரியப்பாவிடம் வாதாடவேண்டாம். முதலில் பெல்ட்டின் வயதைக் கேளுங்கள். ரயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் கடைசி இரண்டும் தயாரித்த ஆண்டு, அதையும் பாருங்கள். எல்லாம் சரியென்றால், ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்கு நீங்கள் ஹொண்டாவில் முன்னே போங்கள், அவர் பின்னால் வரட்டும். இறக்ககண்டிப் பாலம் வரை போதும். திரும்பியதும் கடற்காற்றின் உப்புப் போக நல்ல தண்ணீரில் இருவருமாகக் கழுவுங்கள்.

கேள்வி: வாரம் ஒருமுறை நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்தால் போதாதா?
– வாசகி, கிண்ணியா

பதில்: போதாது, தங்கச்சி. எஞ்சின் நன்றாகச் சூடேறுமுன் நிறுத்தினால், பெற்றோல் எரிந்து உண்டான நீர் புகைக்குழாயிலும் ஒயிலிலும் தங்கிவிடும். ஸ்டார்ட் செய்ய இழந்ததைப் பற்றரியும் அதற்குள் மீளப் பெறாது. மழையில்லாத நாளில் அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள்.